தன்னை அறிதலும் தன்னை மதித்தலும்

மக்கள் தம்மைக் குறித்துக் கொள்ளும் நினைவுகள் மூவகைப்படும். தான் இன்ன தன்மையன் என்று ஒருவன் கொண்டுள்ள கருத்து ஒன்று. தான் இவ்வளவு மதிப்புடையன் என்று அவன் தன்னை நிறுத்துக் காணும் நிறை மற்றொன்று. இச்செயலைத் தன்னாற் செய்து முடித்தல் கூடும் என்னுந் துணிவு பிறிதொன்று. இக்காலத்து உளநூலார் இவற்றை முறையே தற்கருத்து, தன்மதிப்பு, தன்னம்பிக்கை என வேறுபடுத்து ஓதுவர். இம்மூன்றனையும் ஒன்றாக வைத்து மயங்குதலான் விளையுந் துன்பம் பெரிது.

மாணவன் ஒருவன் "யான் கணக்கில் வல்லேன் அல்லேன்" என்று எண்ணுவானாயின் அது தற்கருத்து. "ஆதலின் யான் எதற்கும் பயன்படேன்" என்று தாழ்வானாயின் அது தன்மதிப்பின் குறை. "நாளைக்கு இவ்வொரு கணக்கையேனுஞ் செய்து முடிப்பேன்" என்று துணிவானாயின் அது தன்னம்பிக்கை. முதலாவது உண்மையாதலுங் கூடும். மூன்றாவது முயற்சியான் வளர்வது. இரண்டாவதோ எஞ்ஞான்றும் உண்மையாதல் இல்லை. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவுகின்ற தாவல் எவ்வாறு நிகழ்கின்றது, அதனைத் தடுத்தற்கு வழி யாது என்பதே ஈண்டு ஆராயப்புகுந்த பொருள்.

திருவள்ளுவனார் இவற்றைத் தனித்தனியே வைத்து ஓதினமை நோக்கத் தக்கது. தன் ஆற்றலை அளந்தறிதலை வலியறிதல் என்னும் 48-ஆம் அதிகாரத்தும், உள்ளக் கிளர்ச்சியை ஊக்கமுடைமை என்னும் 60-ஆம் அதிகாரத்தும், தன் நிலையினின்று தாழாமையை மானம் என்னும் 97-ஆம் அதிகாரத்தும் கூறினார். இவற்றுக்கெல்லாம் முன்னரே 13-ஆம் அதிகாரமாக அடக்கமுடைமையை வைத்தார். தன்னை மதித்தலும் அடங்கியொழுகலும் தம்முள் முரணுவன அல்ல என்பது அவர் நூலமைதியானே பெறப்படும்.

தான் என்பது யாது?

தன்னை மதித்தல் வேண்டும் என்பார், முதற்கண் அந்தத் 'தான்' யாது என வினாவுதல் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய மெய்கண்ட தேவர் தாம் அருளிய சிவஞானபோதத்துப் பன்னிரண்டு சூத்திரங்களுள் மூன்றாவதனை உயிர் உண்டு என்று நிறுவுதற்கே வைத்தார். ஆண்டுக் கூறப்பட்ட ஏதுக்களுள் மூன்று ஈண்டைக்கு வேண்டுவன.

இது நான் அன்று, இது நான் அன்று என ஒவ்வொன்றாக மறுத்துச் செல்லுங்கால், அங்ஙனம் மறுக்கின்ற அறிவு ஒன்று எஞ்சி நிற்கும். அதுவே உயிர் என்பது ஒன்று. என் கை, என் கண், என் உடம்பு என உடைமையாகச் சொல்லப்படுவன சொல்லுவோனின் வேறாதல் வேண்டும் என்பது மற்றொன்று. பிறர் அறிவித்தவழி அறிகின்ற இயல்பு உயிர்க்கு உண்டு என்பது மூன்றாவது.

இவற்றை இன்றைய வாழ்க்கையில் வைத்துக் காண்போம். 'என் வீடு' என்பான் தானே வீடு ஆகான். அங்ஙனமே 'என் மதிப்பெண்', 'என் பதவி', 'என் நிறம்', 'என் தோல்வி' என்பானும் மதிப்பெண்ணோ பதவியோ நிறமோ தோல்வியோ ஆகான். உடைமையை உடையவனாக மயங்குதலே மேற்கூறிய தாவலின் முதற்படி. "யான் தேர்வில் தவறினேன்" என்பது ஒரு நிகழ்ச்சியைக் கூறும் சொல். "யான் தவறிப்போனவன்" என்பதோ அந்நிகழ்ச்சியையே உயிரின் இலக்கணமாக ஆக்கிவிடுஞ் சொல். இரண்டற்கும் இடையே உள்ள வேற்றுமை சொல்லளவிற் சிறிது, வாழ்க்கையளவிற் பெரிது.

சார்ந்ததன் வண்ணமாதல்

அங்ஙனமாயின், உயிர் ஏன் இங்ஙனம் மயங்குகின்றது? உயிர் தான் சார்ந்த பொருளின் தன்மையைத் தன்தன்மையாகக் கொண்டு நிற்கும் இயல்புடைத்து என்பது சித்தாந்தத்தின் துணிபு. படிகம் தன்பால் வைத்த மலரின் நிறத்தையே தன் நிறமாகக் காட்டுதலை இதற்கு உவமையாகக் கூறுவர். செம்மலர் அருகிருப்பச் சிவந்தும், நீலமலர் அருகிருப்ப நீலமாயுந் தோன்றினும், படிகத்தின் தெளிவு யாண்டும் கெடுவதில்லை.

இதனோடு ஒருபுடை ஒப்பதொரு கருத்தை அமெரிக்க நாட்டுச் சமூகநூலாராகிய சார்லஸ் ஹார்ட்டன் கூலி என்பார் 1902-இல் வெளியிட்டார். பிறர் நம்மை எவ்வாறு காண்கின்றனர் என்று நாம் எண்ணுகின்றோமோ, அவ்வெண்ணமாகிய கண்ணாடியிலேயே நாம் நம்மைக் காண்கின்றோம் என்பது அவர் கொள்கை. தாய் முகஞ்சுளித்தவழிக் குழந்தை தன்னைத் தீயது எனக் கொள்கின்றது. ஆசிரியர் ஒருவர் 'மந்தன்' என்று அழைத்தவழி மாணவன் தன்னை மந்தனாகவே காண்கின்றான்.

கூலியார் கண்டது மலரின் நிறம் படிகத்தில் ஏறுமாற்றினை. படிகம் மலர் அன்று என்பதனையும் உடன் உரைத்தமையே மெய்கண்டார் வழிவந்த நூல்களின் சிறப்பு. சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கு இயல்பாயின், சார்பினை மாற்றிக்கொள்ளுதலும் அதற்கு இயலும். இழிசொற் கூறுவார் நடுவே தன் மதிப்பினை இழந்தவன், நன்மொழி கூறுவாரையும் நற்றொழிலையுஞ் சார்ந்தவழி அதனை மீளப்பெறுவான். ஆகவே இவ்வியல்பு உயிர்க்குக் குறையும் ஆம், மருந்தும் ஆம்.

ஆணவத்தின் இருமுகம்

இனி, இப்பொருளின் உயிர்நிலையாகிய இடத்திற்கு வருவோம். ஆணவம் என்னுஞ் சொல்லை உலகவழக்கிற் செருக்கு என்னும் பொருளிலேயே வழங்குகின்றோம். நெஞ்சை நிமிர்த்துப் பிறரை இகழ்பவனையே ஆணவக்காரன் என்கின்றோம். சாத்திரம் கூறும் பொருளோ இதனினும் ஆழமானது. விரிந்த அறிவாய் நிற்றற்குரிய உயிரை அணுவைப்போலச் சிறுகச் செய்தலின் அதற்கு ஆணவம் என்பது பெயராயிற்று என்பர் ஆசிரியர். எனவே, உயிரைச் சிறிதாக்குதலே ஆணவத்தின் முதற்றொழில். செருக்கு அதன்கண் தோன்றும் பிற்றொழில்.

இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும். "யானே பெரியன்" என்பவனிடத்து மட்டுமன்று, "யான் ஒன்றுக்கும் உதவேன்" என்று மூலையில் ஒடுங்குபவனிடத்தும் தொழிற்படுவது அவ்வாணவமே. இருவரும் தம் உண்மையியல்பினைக் காணாதவர். இருவரும் ஓயாது தம்மையே நோக்கி நிற்பவர். ஒருவன் பிறரினும் தன்னை உயர்த்தி அளக்கின்றான். மற்றவன் பிறரினும் தன்னைத் தாழ்த்தி அளக்கின்றான். அளவுகோல் இருவர்க்கும் ஒன்றே. தாழ்வெண்ணத்தைப் பணிவு என்று பிறழக்கொண்டு போற்றுவார் இதனை நினைவிற் கொள்க. பணிவு என்பது தன்னைச் சிறியனாக எண்ணுதல் அன்று. தன்னை உள்ளவாறு அறிந்தமையால் பிறரொடு அளந்து பார்த்தல் ஒழிந்த நிலையே அது.

ஆணவம் தன்னையுங் காட்டாது என்பது உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிற் காட்டிய நுட்பம். புறவிருள் பொருள்களை மறைப்பினும் தான் இருள் என்பதனையேனும் தோற்றுவிக்கும். அகவிருளோ அதனையுஞ் செய்யாது. தாழ்வெண்ணத்தில் அழுந்தியவன் தான் ஒரு மயக்கத்தில் இருப்பதாக ஒருகாலும் எண்ணான். உண்மையையே காண்பதாக எண்ணுவான். அந்நோயின் கொடுமை அதுவே.

இதற்கோர் எடுத்துக்காட்டு அருணந்தி சிவாசாரியார் வரலாறு. ஆகமங்களிற் பெரும்புலமை பெற்றவரும் வயதின் முதிர்ந்தவருமாகிய அவர், திருவெண்ணெய்நல்லூரில் இளம்பருவத்தினராகிய மெய்கண்டாரைக் கண்டு, ஆணவமலம் யாது என்று வினாவ, மெய்கண்டார் அவரையே சுட்டிக்காட்டினர் என்பது மரபு. அவ்விடத்தே அவர் இருவேறு வழிகளிற் சென்றிருத்தல் கூடும். புண்பட்டுச் சினந்து போயிருக்கலாம். அன்றேல் தம் கல்வியெல்லாம் வீண் என்று சோர்ந்து வீழ்ந்திருக்கலாம். அவர் இரண்டுஞ் செய்திலர், மாணவராக அமர்ந்தனர். பின்னர்ச் சிவஞான சித்தியார் என்னும் பெருநூலை இயற்றினர். குற்றத்தைச் சுட்டியவழி அதனைத் தாங்கிக்கொள்ளும் ஆற்றலே மெய்யான தன்மதிப்பிற்கு உரைகல் என்க.

மேனாட்டார் ஆராய்ச்சி

வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 1890-இல் வெளியிட்ட தம் பெருநூலில் தன்மதிப்பினை ஒரு வகுத்தற்கணக்காகக் காட்டினர். ஒருவன் அடைந்த வெற்றியை அவன் தனக்கென வரித்துக்கொண்ட அவாவினால் வகுத்தால் வரும் ஈவே அவனது தன்மதிப்பு என்றார். வெற்றியைப் பெருக்கியும் அதனை உயர்த்தலாம். அவாவினைச் சுருக்கியும் உயர்த்தலாம். அவாவினைச் சுருக்குதல் தமிழ்நாட்டார்க்குப் புதியதன்று. ஆயினும் இக்கணக்கில் ஒரு குறை உண்டு. வெற்றி இல்வழி மதிப்பும் இல்லை என்பது அதனாற் பெறப்படும். உயிரின் மதிப்பு செய்கையின் ஈவாகுமாயின், நோயாற் கிடப்பாரும், குழந்தைகளும், முதியோரும் யாது செய்வர்?

மாரிஸ் ரோஸன்பர்க் என்பார் 1965-இல் தன்மதிப்பினை அளத்தற்குப் பத்துக் கூற்றுக்கள் கொண்ட அளவை ஒன்றை அமைத்தார். அஃது இன்றும் வழக்கில் உள்ளது. தன்மதிப்பு என்பது பிறரினும் மேம்பட்டவன் என எண்ணுதல் அன்று, போதிய தகுதியுடையேன் என அமைதலே என்று அவர் தெளிவுபடுத்தினார். செருக்கினையும் தன்மதிப்பினையும் பிரித்துக்காட்டிய இவ்வரை போற்றற்பாலது.

இதனை மறந்து, தன்மதிப்பினைப் புகழுரையான் ஊட்டிவிடலாம் என்று கருதினாரும் உளர். கலிபோர்னியா மாகாண அரசு 1986-இல் தன்மதிப்பு வளர்ச்சிக்கென ஒரு குழுவையே நிறுவிற்று. அக்குழு 1990-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பள்ளிகள் பலவற்றில் குழந்தைகளை ஓயாது புகழ்தலே முறை என்றாயிற்று. ராய் பௌமெய்ஸ்டர் என்பாரும் உடனாராய்ந்தாரும் 2003-இல் முந்தைய ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆய்ந்து, தன்மதிப்பு மிகுதலானே கல்வி மிகும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்றும், நன்கு கற்றலின் பயனாகவே தன்மதிப்பு பெரும்பாலும் வளர்கின்றது என்றும் காட்டினர். காரியத்தைக் காரணமாக மயங்கினமை புலனாயிற்று.

மன்னன் மகன் உவமை

அங்ஙனமாயின் ஒருவர் சொல்லாற் பயன் இல்லையோ எனின், உண்டு. ஆயின் அச்சொல் புகழ்ச்சியன்று, உண்மையறிவுறுத்தல். சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் உள்ளதொரு குறிப்பு இதனை விளக்கும். அரசன் மகன் ஒருவன் குழவிப்பருவத்தே வேடர் கையகப்பட்டு, அவரோடு வளர்ந்து, தன்னையும் வேடன் என்றே எண்ணி வாழ்கின்றான். ஐம்புலன்களே அவ்வேடர். பின்னர் ஒருநாள் அவன்பால் வந்து, நீ வேடன் அல்லை, அரசன் மகன் என்று அறிவுறுத்துவார் உளராக, அவன் தன்னை உணர்கின்றான்.

இவ்வுவமையில் இரண்டு நுட்பங்கள் உள. வந்தவர் அவனுக்குப் புதியதொரு பிறப்பினைக் கொடுத்திலர். அவன்பால் உள்ளதனையே காட்டினர். தன்மதிப்பு வெளியினின்று ஊட்டப்படுவது அன்று, தெளிவிக்கப்படுவது என்பது இதனாற் போதரும். இனி, அரசன் மகன் என்று அறிந்த அளவானே அவனுக்கு ஆட்சித்திறன் வந்துவிடாது. அதனைப் பயிலுதல் வேண்டும். மதிப்பு அறிவான் விளங்குவது. நம்பிக்கை பயிற்சியான் வளர்வது. இவ்விரண்டனையும் ஒன்றற்கொன்று மாற்றி வைத்தலே இக்காலத்துப் பிழைகட்கெல்லாம் வேர்.

திரிசிரபுரத்துச் சான்று

இதற்கு வாழ்க்கைச் சான்று வேண்டுவார் திருச்சிராப்பள்ளியை நோக்குக. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1815-இல் அந்நகரை அடுத்த சிற்றூரிற் பிறந்து, இளமையிலேயே தந்தையாரை இழந்து, வறுமையோடு போராடித் திரிசிரபுரத்தில் தமிழ் கற்றவர். அக்காலத்து ஏட்டுச்சுவடிகள் அரியன. ஒரு நூலை வல்லாரும் ஆங்கொருவர் ஈங்கொருவரே. வீடுதோறும் ஏற்றுண்ணும் பரதேசி ஒருவர் தண்டியலங்காரத்தில் வல்லவர் என்று அறிந்த பிள்ளையவர்கள், அவரைத் தேடிப் பின்தொடர்ந்து, அவர்க்கு வேண்டுவன செய்து, அந்நூலைக் கற்றனர். இதனை அவர் மாணாக்கராகிய சாமிநாதையரவர்கள் தாம் எழுதிய வரலாற்றிற் பதிவு செய்துள்ளனர்.

கற்றறிந்த இளைஞர் ஒருவர் இரவலர் ஒருவர் பின்னே வீதியிற் செல்லுங்கால் ஊரார் யாது நினைத்தனரோ! பிள்ளையவர்கள் அதனைப் பொருட்படுத்திலர். ஊரார் கண்ணாகிய கண்ணாடியில் அவர் தம்மைக் கண்டிலர். 'யான் கற்போன்' என்னும் ஒரு கருத்தே அவர் தற்கருத்தாய் நின்றது. அறிவிக்க அறியும் இயல்பினது உயிர் என்னும் இலக்கணத்தை அவர் வாழ்ந்து காட்டினர். 1876-இல் அவர் மறையுங்காறும், சைவர் அல்லாதார்க்கும் வேறுபாடின்றிப் பாடஞ்சொன்ன அவரது பெருந்தகைமையும் இதனொடு சேர்த்து எண்ணற்பாலது. தன்னிடத்து மதிப்புடையான் பிறரைத் தாழ்த்த வேண்டுதல் இல்லை.

காட்டூர்ப் புறத்து இளைஞர்

திருச்சிராப்பள்ளியினின்று தஞ்சைச் சாலை வழியே கிழக்கு நோக்கிச் செல்வார்க்குக் காட்டூரும், அதனைக் கடந்தவழித் திருவெறும்பூரும், அப்பால் துவாக்குடியும் முறையே எதிர்ப்படும். 1960-ஆம் ஆண்டுகளில் இப்பகுதியில் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. 1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றியது, 2003 முதல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகத் துவாக்குடியில் விளங்குகின்றது. இச்சாலையின் இருமருங்கும் வாழும் குடும்பங்களில் மதிப்பெண்ணும் நுழைவுத்தேர்வும் வேலையும் நாள்தோறும் பேசப்படும் பேச்சாயின. இது காட்டூர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டுப் பேரூர்கள் பலவற்றிற்கும் பொது.

தேர்வு முடிவு வரும் நாளில் ஒரு வீட்டில் நிகழ்வதனை நினைக்க. "அடுத்த வீட்டுப் பிள்ளை எத்தனை வாங்கினான்?" என்னும் ஒரு வினா அக்குழந்தையை அளவுகோலின்மேல் நிறுத்திவிடுகின்றது. வென்ற பிள்ளைக்கு அது செருக்கினையும், தவறிய பிள்ளைக்குத் தாழ்வினையும் தரும். இரண்டும் ஒரே நோய். தவறிய குழந்தைகளுட் சிலர் உயிரையே வெறுக்கத் துணிகின்ற செய்திகள் ஆண்டுதோறும் நம் செவியை வந்து அடைகின்றன. உடைமையை உடையவன் என்று மயங்கிய மயக்கம் உயிரையே கொள்ளுமாறு இது.

இச்சாலையின் அருகே திருவெறும்பூர்க் குன்றின்மேல், திருநாவுக்கரசு நாயனார் பாடல்பெற்ற எறும்பீசர் திருக்கோயில் உள்ளது. தாரகாசுரனுக்கு அஞ்சிய தேவர் எறும்பு வடிவெடுத்து வந்து வழிபட, அவை ஏறமாட்டாது வழுக்கினமை கண்டு, இறைவர் புற்றுப்போலச் சொரசொரப்புற்றுச் சாய்ந்து கொடுத்தனர் என்பது தலவரலாறு. எறும்பினைப் பார்த்து, நீ யானையாகி வருக என்று கூறப்படவில்லை. அஃது எறும்பாகவே ஏறுதற்கு வழி அமைக்கப்பட்டது. பெற்றோரும் ஆசிரியரும் இதன்கண் கற்றற்பாலது உண்டு. பிள்ளையின் அளவிற்கு ஏற்பப் படியைத் தாழ்த்தி வைத்தல் பிள்ளையை இழித்தல் அன்று; ஏறுதல் எறும்பின் செயல், சாய்தல் பெரியோர் செயல்.

வளர்க்குமாறு

இனி, நம்பிக்கையை வளர்த்தற்குரிய வழிகளைச் சுருங்கக் கூறுவாம். ஆல்பர்ட் பாந்தூரா என்னும் உளநூலறிஞர் 1977-இல் ஒருவன் தன் செயல்திறத்தில் வைக்கும் துணிவு நான்கு ஊற்றுக்களினின்று பிறக்கும் என்றார். தானே செய்து முடித்த பட்டறிவு. தன்னை ஒத்தார் செய்து முடிப்பதனைக் காணுதல். நம்பத்தக்கார் ஊக்கும் சொல். உடம்பின் அமைதியும் கலக்கமும் என்பன அவை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது.

ஆதலின், கணக்கிற்கு அஞ்சும் பிள்ளைக்கு "உன்னால் எல்லாம் முடியும்" என்று நூறுமுறை கூறுதலினும், அவனால் முடிவதாகிய எளியதொரு கணக்கினைக் கொடுத்து முடிக்கச் செய்து, மறுநாள் அதனிற் சிறிது கடியதனைக் கொடுத்தல் நன்று. முதலிடம் பெற்றானைக் காட்டுதலினும், நேற்றுத் தவறி இன்று தேறிய அவன் தோழனைக் காட்டுதல் நன்று. புகழுங்கால் பிள்ளையைப் புகழாது அவன் முயன்ற முறையைப் புகழ்க. இடித்துரைக்குங்கால் செய்கையைச் சுட்டுக, செய்தவனைச் சுட்டற்க. "இது தவறு" என்பது திருத்தும். "நீ தவறு" என்பது ஒடிக்கும். தேர்வு நாளின் நெஞ்சுத்துடிப்பு அறிவின்மைக்கு அடையாளம் அன்று, உடம்பின் இயல்பே என்றும் உணர்த்துக. உறக்கமும் உணவும் ஒழிந்து, வாழ்தலே வெறுத்துப் பல நாள் ஒடுங்கியிருப்பார் உளராயின், அதனை உபதேசத்தான் மட்டும் மாற்ற முயலாது மருத்துவரை நாடுக. உடம்பின் நோய்க்கு மருந்துண்ணுதல் இழுக்கன்றாயின் மனத்தின் நோய்க்கும் அன்று.

ஒரு தடையும் விடையும்

தற்போதம் ஒழிதலே சித்தாந்தத்தின் முடிபாயின், தன்னம்பிக்கையை வளர்த்தல் அதற்கு மாறாகாதோ எனின், ஆகாது என்க. தசகாரியத்துள் ஆன்மரூபம், ஆன்மதரிசனம் என்பன முன்னரும் ஆன்மசுத்தி பின்னரும் வைக்கப்பட்டன. தன்னைக் கண்டவனே தன் முனைப்பினை விடுதற்கு உரியன். காணாதவன் விடுவதாகக் கூறுவது, தன்பால் இல்லாத பொருளைத் தானஞ் செய்வதாகக் கூறுதலோடு ஒக்கும். தாழ்வெண்ணம் தற்போதம் நீங்கிய நிலை அன்று. தற்போதம் புண்பட்ட நிலை. புண் ஆறினாலன்றி அது கழலாது.

ஆகவே, உயிர் அறிவுடைப் பொருள். அதனது அவ்வியல்பு தோல்வியாற் குறைவதும் இல்லை, வெற்றியால் மிகுவதும் இல்லை. ஆதலின் தன்னை இழித்தற்கு இடமில்லை. அவ்வறிவு பிறர் அறிவிக்க அறிவது. ஆதலின் செருக்குதற்கும் இடமில்லை. இவ்விரண்டனையும் ஒருங்கு அறிந்தவனே தன்னை உள்ளவாறு மதிப்பவன். தவறிவந்த பிள்ளையை வாயிலிலே நிறுத்தி எண்ணைக் கேளாது, உள்ளே அழைத்து முதலிற் சோறிடும் தாய், இச்சாத்திரத்தின் பெயரறியாளாயினும் இதன் பொருளை அறிந்தவள் ஆவாள்.